துண்டு கட்டியவர்களின் படம்

மாஜிதாவின் ஓவிய அறையில் அன்று இருந்தவர்கள்: மாஜிதா, கட்சியின் நகரச் செயலாளர் நாறும்பூநாதன், வண்ணம் கலக்கும் நான். குற்றால அருவியில் ஆண்கள் குளிப்பதை அவள் வரைந்திருந்தாள். அவர் ஒப்புக்கொண்டால்தான் அது தென்காசிப் பேருந்து நிலையச் சுவருக்குப் போகும்.

"இதுல நம்மாளு யாரு, மலையாளி யாருன்னு தெரியலையே. நாலு பேருக்காவது நம்ம கட்சிக்கரை வேட்டி கட்டிவிடும்மா."

"மாட்டேன். நீங்க கரை வேட்டியோடவா அண்ணாச்சி அருவியில குளிக்கிய?"

"துண்டுதான்."

"பின்ன?"

அவர் முறைத்தார். படத்தை மறுபடி பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அந்தத் தொப்பைக்காரன் நாந்தானே? சரி, அப்படியே மாட்டு."

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே போனார். அவர் மனசு மாறுவதற்குள் மாஜிதா கதவைச் சாத்திப் பூட்டினாள்.