கைப்பிடிப் புல்

அலுவலகத்தில் அவளுக்குச் சதுரக்காரி என்று பெயர். ஒன்பது வருடமாகக் கோடைக்கு ஒரு முறை மலை உச்சிக்குப் போய், பாறையில் அடித்த ஆணிகளுக்கு நேராக ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, மண்டியிட்டு, உள்ளே என்னென்ன செடி இருக்கிறது என்று எழுதி வருவாள். பார்க்கலாம், எண்ணலாம், தொடக் கூடாது.

எதிர் மேசை படக்காரனுடையது. வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு வரைபடம் செய்பவன். "அக்கா, உங்க மலையே எனக்கு ஒரு புள்ளிதான். சதுரத்தை எங்க போய்த் தேடுறது?" என்பான். வருடா வருடம் சூடு மேலேறுவதையும், அதன் பின்னாலேயே அடிவாரத்துப் புல் ஏறி வருவதையும் அவன்தான் காட்டினான். புல் வந்தால் உச்சிச் செடிகள் ஒழிந்தன. அவை ஏறிப் போக அதற்கு மேல் மலை இல்லை.

அவள் சதுரத்தில் வெள்ளைப்பூச் செடி ஒன்றே ஒன்று இருந்தது. தரையோடு ஒட்டிய பச்சை உருண்டை. போன கோடையில் அதன்மேல் ஒரு கைப்பிடிப் புல் கவிந்திருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கே மூச்சு முட்டியது. பிடுங்கி எறிந்தாள். மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்ட மாதிரி மனம் லேசானது. மகளின் வாயாடித் தோழி ஒருத்தியை அவளிடமிருந்து பிரித்து வைத்த அன்றும் இப்படித்தான் லேசாக இருந்தது. மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டது அதற்குப் பிறகு.

இந்தக் கோடையில் செடி இருந்த இடத்தில் கருகிய வட்டம்தான் இருந்தது. சட்டத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, யாரும் கைவைக்காத புல்லின் அடியில் இன்னொரு வெள்ளைப்பூச் செடி பூத்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். மண் ஈரமாக இருந்தது. மலைக்கே பகையாக வந்த புல், இந்த ஒரு சாண் இடத்தில் குடை பிடித்து நின்றிருக்கிறது. அவள் பிடுங்கிய புல்லும் பத்து வருடம் போனால் செடியை விழுங்கித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்து வருடத்தைப் பறித்தது புல் இல்லை.

கீழேயிருந்து புதிதாக ஒரு களை வந்திருந்ததால் சதுரத்தில் செடி வகைகளின் எண்ணிக்கை பழையபடி பதினொன்று. மேலதிகாரிக்குத் திருப்தி. படிவத்தில் குறிப்பு எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் பேனாவைத் திறந்ததும் படக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"கை வச்சேன்னு எழுதினா ஒன்பது வருஷமும் செல்லாதுக்கா. உங்களை மேல அனுப்பவும் மாட்டாங்க."

"தெரியும்."

"வெயில்ல காஞ்சு போச்சுன்னு எழுதுங்க. பொய்யும் இல்லையே."

அதைத்தான் அவளும் இறங்கி வந்த வழியெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தாள்.

"நம்பிடுவாங்கப்பா. அப்புறம் என்னிக்காவது எனக்குப் பதிலா வேற ஒருத்தி போவா. மிச்சம் இருக்கிற செடியைப் பார்த்து அவளுக்கும் பாவமா இருக்கும். அவளும் புல்லைப் பிடுங்குவா."

படக்காரன் நாற்காலியைத் தன் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

தேதியைப் போட்டு, 'புல்லை நான்தான் பிடுங்கினேன். மற்ற இடத்தில் பிடுங்க வேண்டாம்' என்று எழுதினாள். பிறகு சட்டத்தை எடுத்து அலமாரி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். அதன் ஒரு மூலையில் மலை மண் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.