தோளுக்கடியில் வைத்த சுருள்

துண்டைச் சுருட்டும்போதே ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனுக்குக் கை சலித்தது. பதினாறு வருடமாகச் சுருட்டுகிற கை. மயக்கத்தில் கிடக்கும் குழந்தையின் தோளுக்கடியில் அதைச் செருகினால் கழுத்து நிமிரும். கழுத்தின் ரத்த நரம்பில் ஊசியை ஏற்றி, குழாயைப் போட்ட பிறகுதான் இதயத்தில் கை வைப்பார்கள். "அக்கா சுருள் வச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்று பெரிய சர்ஜன் ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே அவள் எத்தனையோ வருடத்தை ஓட்டிவிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவர்களெல்லாம் அவளிடம்தான் சுருட்டக் கற்றார்கள். தடிமனாக, இறுக்கமாக, அவிழாமல்.

மயக்க டாக்டர் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். குழந்தையை எப்படிப் படுக்க வைத்தால் கழுத்து நரம்பு பெரிதாகிறது என்று ஸ்கேன் வைத்து அளப்பாள், டெக்னீஷியன் எழுதிக்கொள்வாள். நாற்பது குழந்தைகள் முடியும் வரை டாக்டர் பழைய தாள்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அளக்கிற கை பொய் சொல்லுமாம். ஆனால் எழுதுகிறவளுக்குக் கண் இருக்கிறதே! சுருள் வைத்தால் அளவு குறைந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது. மெஷின் கோளாறு என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். பத்தாவது குழந்தைக்குப் பிறகு அந்தச் சாக்கும் செல்லுபடியாகவில்லை.

இன்றைக்கு இருபத்திமூன்றாவது. பத்து மாதப் பெண் குழந்தை, இரண்டாவது அறுவை சிகிச்சை. மூன்று வாரக் குழந்தையாக வந்தபோது, இந்த ஸ்கேன் வருவதற்கு முன்பு, வலது கழுத்தில் நான்கு ஊசிக் குத்து. அன்றைக்கும் சுருள் இவளுடையதுதான். கடுகளவு தழும்புகள் இன்னும் இருந்தன. அந்தப் பக்கத்து நரம்பு அடைத்துப்போய்விட்டது. மிச்சமிருப்பது இடது பக்கம் ஒன்றே ஒன்று.

"மட்டமா படுத்து, ஆறு மில்லிமீட்டர். தலையைத் தாழ்த்தி, ஏழரை" என்றாள் டாக்டர். சுருளை வைத்ததும், "நாலு."

டெக்னீஷியன் எழுதினாள். மேசை மறுபடி மட்டத்துக்கு வந்தாயிற்று. சுருள் தோளுக்கடியில் இருந்தது. அப்படிக் குத்துவதுதான் இங்கே வழக்கம். டாக்டர் ஊசியை எடுத்தாள். டெக்னீஷியன் விரிப்புக்கடியில் கையை விட்டுச் சுருளை உருவினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"இது இருந்தா நரம்பு சப்பையாயிடுது மேடம்."

"யார் சொன்னா?"

"நீங்கதான். இருபத்திமூணு பிள்ளைக்கும் சொன்னீங்க. நான் எழுதிக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் ஊசி பிடித்த கையை இறக்கினாள். "எத்தனை நாளா தெரியும்?"

"பத்தாவதுலேர்ந்து."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. டாக்டர், "மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்துங்க" என்று மட்டும் சொன்னாள். திரையில் அந்தக் கறுப்பு வட்டம் மெல்ல உப்பியது. ஒரே குத்து. ரத்தம் ஊசியில் ஏறியது. டெக்னீஷியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகக்கவசம் இருந்ததால் பிழைத்தாள்.

சர்ஜன் வந்து வேலையைத் தொடங்கிய பிறகு, குழந்தையின் காலிலிருந்து கழற்றிய ஒற்றைக் காலுறையைக் கொடுக்க வெளியே போனாள். உருவிய துண்டு அக்குளில் இடுக்கியபடியே இருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அம்மாக்காரி சட்டென்று எழுந்தாள்.

"இந்தத் தடவை எத்தனை குத்து சிஸ்டர்?"

"ஒண்ணுதான்."

"போன தடவை நாலு. எங்க வீட்ல யாருக்குமே நரம்பு சரியா கிடைக்காது. என் ரத்தம்தானே, அதான் பிள்ளையும் அவஸ்தைப்படுதுன்னு தினமும் நெனச்சுக்குவேன்."

'சரிம்மா, வரேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கால் வரவில்லை.

"உங்க பிள்ளைக்கு நல்ல நரம்பும்மா."

"அப்போ போன தடவை ஏன்?"

டெக்னீஷியன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறு வருடத்தில் அந்த வரிசையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. துண்டை மடியில் வைத்தாள். கையை எடுத்ததும் அது தானாக நெகிழ்ந்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவிழ்ந்து, அம்மாக்காரியின் முழங்கால் வரை விரிந்தது.