அவசரப் பையை எங்கே வைப்பது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, நோட்டீஸாகப் பிறந்தது. போன புயலில் திண்டிவனத்தில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர் புகுந்து, மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது. இந்த வருஷ மழைக்கு முன்னால், வீட்டில் ஓர் அவசரப் பை தயார் செய்வது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி குடியிருப்போர் சங்கத்தில் கேட்டார்கள். கதை எழுதுகிறவன்தானே, சும்மாதான் இருப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

பட்டியல் போட்டேன். டார்ச், மாற்று பேட்டரி, பவர் பேங்க், குடிதண்ணீர், அவல், மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, விசில், கயிறு, காயத்துக்கு மருந்து, பஞ்சு, பிளாஸ்டிக் உறையில் ஆதார், ரேஷன் கார்டு, நாப்கின்.* பட்டியலை எவன் படிப்பான்? அதனால் ஒரு பெண்ணை உண்டாக்கி, பையை அவள் கையில் கொடுத்தேன்.

* நாப்கின் என் யோசனை இல்லை. என் மனைவி ஆர்த்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சேர்க்கச் சொன்னாள்.

2

"வெண்ணிலா கெட்டிக்காரி." (பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று.)

"மயிலத்தில் மழை பிடித்துக்கொண்டால் மலைமேல் இருக்கிற முருகனுக்கே" (வேண்டாம். எனக்கே சலிப்பாக இருக்கிறது.)

"ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெண்ணிலா பவர் பேங்கை சார்ஜில் போட்டுவிடுவாள்." இது இருக்கட்டும்.

வீடு மயிலத்தில். வேலை திண்டிவனத்தில், ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில். கணவன் ஜெகதீசனுக்கு விழுப்புரத்தில் வேலை. மாமியார் கெங்கம்மாள் இரண்டு ஏக்கரைத் தனியாளாகக் கட்டிக் காக்கிறவள், ஆனால் ஈரக்காற்று பட்டால் இழுப்பு வந்துவிடும். ஆகவே வெண்ணிலாவின் பையில் ஒரு புது இன்ஹேலரும் உண்டு.

பையை எங்கே வைப்பது? சாமி அறையில் வைத்தேன். கூடத்தைவிட ஒரு படி உயரம், தண்ணீர் ஏறாது. வீட்டுப் பத்திரமும் அங்கேதான் இருக்கும். இருட்டிலும் எல்லோருக்கும் வழி தெரியும். எங்கள் வீட்டுப் பையையும் போன புயலுக்கு முன்பிருந்தே நான் அங்கேதான் வைத்திருக்கிறேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

3

புயல் கரை கடந்த மறுநாள் காலை. கூடத்தில் கணுக்கால் தண்ணீர். ஜெகதீசன் விழுப்புரத்தில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டான். கட்டில்மேல் உட்கார்ந்திருந்த கெங்கம்மாளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. கையிலிருந்த இன்ஹேலரை அழுத்தினாள், வெறும் காற்று. வெண்ணிலா சாமி அறைக்கு ஓடிப் பையை எடுத்து வந்தாள். மூச்சு சீரானது. முற்றும்.

ஆர்த்தி படித்தாள். பிறகு கேட்டாள்:

"பையில நாப்கின் வச்சிருக்கீங்க இல்ல. அது தேவைப்படுற அன்னிக்கு அவ எப்படிங்க அந்த ரூமுக்குள்ள போவா?"

எத்தனை தடவை படித்துத் திருத்தினேன். இது என் கண்ணில் படவே இல்லை.

4

திருத்தி எழுதினேன். அன்றைக்கு வெண்ணிலாவுக்கு இரண்டாம் நாள். ஓடினாள். படியில் நின்றுவிட்டாள்.

(அ) அவள் துணிந்து உள்ளே போ (இது என் துணிச்சல், அவளுடையது இல்லை.)

(ஆ) மாமியார் கூடாது என்கிறாள். பழியை அவள் தலையில் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். கெங்கம்மாள் அதற்கு ஒத்துவரவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் அவள் சொன்னது வேறு: "போய் எட்த்தாம்மா. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

தடுக்க ஆளே இல்லை. அப்படியும் வெண்ணிலாவின் கால் எழவில்லை. தினமும் ஐம்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறவள், எந்த மாத்திரை எதற்கென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவள். பை நாலடி தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

இதை நம்ப முடியவில்லை, படித்த பெண் உயிர் போகிற நேரத்தில் இப்படி நிற்பாளா என்று ஆர்த்தியிடம் கேட்டேன்.

அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கி வலது பாதத்தைக் காட்டினாள். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். போன புயலின்போது நான் விழுப்புரத்தில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டேன். வீட்டில் அவள் தனியாக இருந்தாள், தண்ணீருக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. நான் வந்து பார்த்தபோது சீழ் பிடித்திருந்தது. பையில் இருக்கிற மருந்தைப் போடக்கூடவா தெரியாது என்று திட்டினேன். தேடினேன், கிடைக்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னாள்.

"கெடைக்காம இன்னா. சாமி ரூம் வாசப்படியில நின்னு பாத்துக்கினேதான் இருந்தேன். வீட்ல ஒருத்தரும் இல்ல, யாரும் வேணாம்னு சொல்லல. கால் போவல, அவ்ளோதான். பழைய துணிய கிழிச்சுக் கட்டிக்கினு ரெண்டு நாள் இருட்டுல ஒக்காந்துக்கினு இருந்தேன்."

டார்ச்சும் அந்தப் பையில்தான் இருந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வெட்கமாக இருந்தது என்பது சின்ன வார்த்தை.

5

எழுந்துபோய்ப் பையை எடுத்தேன். எங்கே மாட்டட்டும் என்று ஆர்த்தியிடம் கேட்டேன். இதைக் கேட்டதே முதல் தடவை. கூடத்து ஜன்னலுக்கு மேலே இருக்கும் ஆணியைக் காட்டினாள். இரண்டு நிமிஷ வேலை.

மயிலத்தில் அது முடியாது. அங்கே தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது, பை நான் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. வெண்ணிலாவின் கையைப் பிடித்து உள்ளே தள்ள எனக்கு என்ன யோக்கியதை? அவளை நிற்க வைத்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்து வீட்டு ஆளைக் கூட்டி வந்து காப்பாற்றிவிடலாம் என்றும் நினைத்தேன். அவர்கள் வீட்டிலும் கழுத்தளவு கவலை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் எழுதும் முன், உங்கள் வீட்டில் இருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் எழுதினேன்.

கொஞ்சம் சீக்கிரம். கெங்கம்மாளின் உதடு நீலமாகிக்கொண்டிருக்கிறது.