பீஸ்லியின் தீர்மானம் தோற்ற மத்தியானம்

ஜோதம் பீஸ்லி என்று வெர்மான்ட் மாநிலத்து எங்கள் வெஸ்ட் ஹார்லோவில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதிய மனிதர். மளிகைக் கடைச் சுவரில் அவர் மீசை தொங்குகிறது. மேப்பிள் பாகு புட்டியிலும் அதே மீசைதான். அவர் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவர் ஊரிலேயே ஒருத்திதான். அவளும் வெளியூர்க்காரி.

என் எதிர்வீட்டு டெல்மா பிங்கமைத்தான் சொல்கிறேன். பாஸ்டன் பக்கம் ஏதோ கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். இங்கே குடிவந்து எத்தனையோ பனிக்காலம் போய்விட்டாலும், வெர்மான்ட்காரர்கள் கணக்கில் அவள் இன்னும் விருந்தாளி. பீஸ்லி வேடிக்கை காட்டவில்லை, சிரிப்பைப் பூசி ஓர் அரசியல் சிந்தனையையே விட்டுப் போயிருக்கிறார் என்பது அவள் கட்சி. அதை நிறுவ ஒரு தடிமனான புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். போன இலையுதிர் காலத்தில் நூலகத்தில் அதைப் பற்றிப் பேசினாள். வந்தவர்கள் டோனட்டுக்காக வந்தார்கள். மேற்கோள் வந்த இடத்தில் சிரித்தார்கள், மற்ற இடத்தில் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

அதற்குப் பிறகுதான் பீஸ்லி எழுதியதையே நாடகமாகப் போடும் யோசனை அவளுக்கு வந்தது. தபால் பெட்டி அருகே என்னிடம் சொன்னாள்:

"இந்த ஊர்ல ஒரே ஒரு ஆள், சிரிக்காம, அந்த மனுஷன் சொன்னது சரியா தப்பான்னு யோசிச்சாப் போதும். இல்லன்னா புஸ்தகத்தை மூடி வச்சிட்டு முயல் வளர்க்கப் போறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் முயல் கூண்டு விலை விசாரித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பீஸ்லியாக நடிக்க ஹோய்ட் கிம்பல் கிடைத்தான். ஊர்ச் சாலைகளுக்குப் பொறுப்பாளர். நடிப்பு வராது, ஆனால் குரல் உண்டு; பனி அள்ளும் வண்டியின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி வளர்ந்த குரல். ஒட்டு மீசை வைத்ததும் பாகு புட்டி உயிர் பெற்று வந்த மாதிரி இருந்தான். நாடகம் ஊர் மண்டபத்தில், சனிக்கிழமை மத்தியானம். மார்ச் முதல் வாரம், ஊர் ஜனங்களே கூடித் தீர்மானம் போட்டு வாக்களிக்கும் வருடாந்திர ஊர்க்கூட்டம் நடந்த அதே மண்டபம், அதே மடக்கு நாற்காலிகள். ஜனங்களும் கூட்டத்தில் உட்கார்ந்த அதே இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். மாற்றி உட்கார்ந்தால் உடம்புக்கு ஆகாதோ என்னவோ.

முதல் அரைமணி நேரம் சிரிப்பாகச் சிரித்தார்கள். டெல்மா மேடை ஓரம் வசனத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் முகம் ஓர் அங்குலம் கீழே இறங்கியது.

அப்போது ஹோய்ட் முன்னால் வந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு முழங்கினான்: "பதவி வேணும்னு கேக்கறவனுக்குப் பதவி கிடையாது. வேண்டாம்னு ஓடறவனைப் பிடிச்சு உட்கார வைப்போம். இதை இந்த ஊருக்கு நான் முன்மொழியறேன்!"

"வழிமொழியறேன்" என்றாள் ரோவீனா டக்கர்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஊர்க்கூட்டத்தில் யார் எதை முன்மொழிந்தாலும் வழிமொழிவது ரோவீனாதான். சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகலாமே என்று யோசிக்காமல் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அரைத் தூக்கத்தில் இருந்த லைல் ஸ்டாக்வெல் சட்டென்று எழுந்தார். அவர்தான் கூட்டங்களுக்கு அவைத்தலைவர். தீர்மானம் வந்துவிட்டது, வழிமொழிந்தாகிவிட்டது, விவாதிக்கலாம் என்று அறிவித்தார். சொல்லி முடித்த பிறகுதான் ஹோய்ட்டின் மீசையைக் கவனித்தார். ஆனால் வழிமொழிந்த தீர்மானத்தை அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை லைல்.

எல்லோரும் சிரித்தார்கள். க்ளிஃபர்ட் ஹேஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஊராட்சிக் குழுவுக்கு வருடா வருடம் நிற்கிறவர் அவர்.

"அவைத்தலைவரே, ஊருக்கு உழைக்க ஆசைப்படறது ஒரு குத்தமா?"

"உனக்கு ஆசை இல்லன்னு ஒரு தடவை சொல்லிப் பாரு க்ளிஃபர்ட். நானே உனக்கு ஓட்டுப் போடறேன்" என்றாள் ரோவீனா.

அவைத்தலைவரான தன்னைப் பார்த்துப் பேசும்படி லைல் அதட்டினார். அப்புறம் ஆளாளுக்கு எழுந்தார்கள். விருப்பமில்லாதவனைப் பிடித்து உட்கார வைப்பது அடிமை வேலை இல்லையா என்று ஒருவர் கேட்டார். பள்ளிக் குழுவுக்கு மட்டும் இதைச் செய்து பார்க்கலாம் என்று இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். எனக்கே அது வெட்கம்தான்.

கையில் வசனம் தீர்ந்துபோன ஹோய்ட் மேடை ஓரத்தைப் பார்த்தான். "டெல்மா, இதுக்கெல்லாம் பீஸ்லி என்ன பதில் சொல்வாரு?"

டெல்மா தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பதவிக்குப் பயப்படுகிறவன்தான் கையெழுத்துப் போடும் முன் எதையும் மறுபடி படித்துப் பார்ப்பான், ஆசைப்பட்டவன் தன் பெயரைத்தான் மறுபடி படிப்பான் என்று பீஸ்லி எழுதியிருப்பதைச் சொன்னாள். க்ளிஃபர்ட் தன் பெயர் எழுதியிருந்த தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோய்ட் மெதுவாக மீசையைப் பிய்த்து எடுத்தான்.

"இப்ப நான் நானாப் பேசறேன். நீங்க சொல்றது காகிதத்துல சரி. ஆனா பனி உருகி ரோடெல்லாம் சேறாப் போற மாசத்துல, இந்த வேலை வேணும்னு நெனைக்காதவன் படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டான் டெல்மா. எனக்கு வேணும், அதனாலதான் எந்திரிக்கறேன்."

குரல் வாக்கெடுப்பில் முடிவு தெரியாமல், எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார் லைல். தீர்மானம் தோற்றது. எதிர்த்து நின்றவர்களில் டெல்மாவும் இருந்தாள். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஆப்பிள் பை பலகாரம் வைத்திருந்த மேசை அருகே போய், உன் பீஸ்லியின் காலையே இப்படி வாரிவிட்டாயே என்று டெல்மாவிடம் கேட்டேன். அவள் கண் ஈரமாக இருந்தது, வாய் காது வரை சிரித்தது.

"அவரு தோத்துட்டாருடி! இத்தனை வருஷத்துல அவரை எதிர்த்து ஒருத்தர் வாதாடி நான் கேட்டதே இல்ல. ஹோய்ட் சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஒரு அத்தியாயமே திருத்தி எழுதணும்."

அதற்குள் க்ளிஃபர்ட் வந்துவிட்டார், பீஸ்லி தீர்மானத்தைத் தப்பாக வகுத்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே. ரோவீனா குறுக்கே விழுந்தாள், டெல்மா கையிலிருந்த முள்கரண்டியை ஆட்டி ஆட்டி இருவரையும் மறுத்தாள். நாடகத்தின் பின்பாதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை; ஒரு வார்த்தை தவறவிடாமல் அவர்கள் பக்கம் நகர்ந்து நகர்ந்து நின்றதில், எனக்கு ஆப்பிள் பையின் காய்ந்த ஓரம்தான் மிஞ்சியது.