ஊமையும் வாயாடியும்

துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். எடுத்துக்கொண்டிருந்தது சிரிப்புப் படம். இறகு செருகிய தொப்பியோடு நடிகர் ஈர்க்குச்சி மேசைக்குப் பின்னால் சரிந்து விழுந்த விதமும் அப்படித்தான் இருந்ததாம்: கால்கள் இரண்டும் மேலே, ஒரு பூட்ஸ் எங்கேயோ பறந்து போய். டைரக்டர் கட் சொல்ல மறந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார் என்று பிறகு சொன்னார்கள். கட்டடத்தின் பின்பக்கம், வேனில் சாய்ந்தபடி, சிக்கிக்கொண்ட பெரிய துப்பாக்கி ஒன்றைப் பிரித்து வைத்திருந்த டுமீலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். அது வாயாடியின் சத்தம். இந்த ஷாட்டில் வாயாடி இருக்கவே கூடாது. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

யூனிட்டில் அதிகம் பேசாதவன் அவன்தான் என்பதால் அவனுக்குக் கிண்டலாக டுமீல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய காலத்துத் துப்பாக்கிகளைச் சினிமாவுக்கு வாடகைக்கு விடுவது அவன் தொழில். அவனும் மனைவியும் சேர்ந்து ஆரம்பித்தது. இந்தப் படம் தாத்தா காலத்து ரௌடிக் கும்பல் ஒன்றைப் பற்றியது. ஒரு வங்கியைக்கூட ஒழுங்காகக் கொள்ளையடிக்கத் தெரியாத கும்பல். அதற்காக அவன் கொண்டுவந்தவற்றில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒன்றின் குழல் அடைத்திருக்கும்; விசையை இழுத்தால் டிக் என்று கேட்கும், அவ்வளவுதான். மற்றது வெற்றுத் தோட்டா போடுவதற்கு. குண்டு வராது. ஆனால் மருந்தின் நெருப்பும் சத்தமும் வரும், பக்கத்தில் வைத்துச் சுட்டால் தோல் கருகும். முதலாவதற்கு ஊமை என்றும் இரண்டாவதற்கு வாயாடி என்றும் மனைவிதான் பெயர் வைத்தாள். "உன்னையும் என்னையும் மாதிரி" என்பாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். பெயர்கள் இருந்தன.

துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தான். தோட்டா போடும் உருளையைத் திறந்து நடிகரிடம் நீட்டி "பாருங்க" என்பான். அவர் உள்ளே பார்த்துவிட்டு, "பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. அதற்குப் பிறகுதான் மூடிக் கொடுப்பான். பெரிய நடிகர்கள் சலித்துக்கொள்வார்கள். சிரிப்பு நடிகர் ஈர்க்குச்சி ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஒற்றைக் கண்ணை மூடி உருளைக்குள் எட்டிப் பார்ப்பார். "எல்லா ரூமும் காலி. வாடகைக்கு விடப்படும்னு போர்டு மாட்டிடலாம்யா" என்பார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "பார்த்தேன்." அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் விளையாட்டாகச் சொல்ல மாட்டார்.

அன்றைய ஷாட்டில் ஈர்க்குச்சி நடிக்கும் ரௌடித் தலைவனின் துப்பாக்கி சுடாது. நின்றுபோன கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அதைக் காதோடு வைத்து ஆட்டி, விசையை இழுத்துப் பார்ப்பான். டிக். டிக். அதற்கு ஊமை. அடுத்த ஷாட்டில் எரிச்சலோடு தூக்கி எறிவான், அப்போது வெடிக்கும். அதற்காக வாயாடியில் மருந்து போட்டுத் தயாராக வைத்து, இரண்டையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் அவன் வேனுக்குப் போயிருந்தான். பெரிய துப்பாக்கியைச் சரிசெய்யச் சொன்னது டைரக்டர்.

அவன் உள்ளே வந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. ஈர்க்குச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். இடது காதைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம். அவனைக் கண்டதும் கத்தினார். தன் குரல் தனக்கே கேட்காதவர் கத்துகிற மாதிரி.

"நீ பார்த்துட்டேன்னு சொன்னாங்களேய்யா!"

யார் சொன்னது என்று கேட்பதற்குள் நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் பெட்டியிடம் போனான். பூட்டு உடையவில்லை. திறந்து தொங்கியது. அதில் ஒரு சாவி செருகியபடியே இருந்தது. அவன் சாவி சட்டைப் பையில் இருந்தது, தொட்டுப் பார்த்தான். பூட்டில் இருந்த சாவியின் தலையில் கருஞ்சிவப்பாக நகப்பூச்சு. இரண்டு சாவியும் மாறிப்போகாமல் இருக்க அவள் பூசியது. அவள் கைப்பைக்குள் கிடந்த சாவி அது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பையை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், அதில் மகளின் வாசனை இருக்கிறது என்று. அத்தையின் மூத்த மகன்தான் இந்தப் படத்துக்குப் புரொடக்‌ஷன் மேனேஜர். கொஞ்சம் முன்னால் ஈர்க்குச்சியின் கால்பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனவர்.

மச்சான் வேறு யாரோ இல்லை. அவள் போன பிறகு வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைத்தவர். முகச்சவரம் செய்துவிட்டவர். "பெட்டியத் தூக்குடா மாப்ள, வேலைன்னு ஒண்ணு இருந்தா மூச்சு ஓடும்" என்று இந்தப் படத்துக்கு இழுத்து வந்தவர். இரண்டு பேரும் அழுததில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை தயாரிப்பாளரின் அறையில் நான்கு நாற்காலிகள். சாவி யாரிடம் இருந்தது என்று தயாரிப்பாளர் கேட்டார். மச்சான் முந்திக்கொண்டார்.

"சார், இவரை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. என் தங்கச்சி போனதுலேருந்து இவர் ஒரு நிலையில இல்ல. சாப்பிட்டுட்டு, சாப்பிட்டேனான்னு கேக்குற ஆளு. ராத்திரி கதவைப் பூட்டினோமான்னு திரும்பத் திரும்ப எழுந்து பாக்குற ஆளு. இந்த நிலைமையில கூட்டிட்டு வந்தது என் தப்பு."

குரல் தழுதழுத்தது. நடிப்பு மாதிரி இல்லை. சொன்னதெல்லாம் உண்மைதான். அதை அவன் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தான், அந்தப் பெஞ்சில் வைத்து.

அவன் நகப்பூச்சுச் சாவியை மேசைமேல் வைத்தான். "இது பூட்டுல இருந்துச்சு."

மச்சான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா சார். தங்கச்சி சாவி. அவ ஞாபகமா கையோட வச்சிருந்திருக்காரு. பூட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாரு."

"மச்சான்" என்றான் அவன். மச்சான் அவன் தோளில் கை வைத்தார். தினமும் வைக்கிற அதே கை, அதே இடம்.

டைரக்டர் தன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போகுது, துப்பாக்கி எங்கே என்று கத்தியவர் அவர்தான். கொண்டுவந்து கொடுத்தவரை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. "அந்த அவசரத்துல எனக்கு யாரு எவருன்னு கவனிக்க முடியல" என்றார். தயாரிப்பாளர் மென்மையாகவே பேசினார். "நாளைக்கு போலீஸ் விசாரணைக்கு வர்றாங்க தம்பி. மனசு சரியில்லாம நடந்துபோச்சுன்னு நீங்களே சொல்லிட்டா யாரா இருந்தாலும் இரக்கப்படுவாங்க. லைசென்ஸ் போகும். அதோட விட்டுடுவாங்க." லைசென்ஸில் இரண்டு பெயர்கள் இருந்தன, அவனுடையதும் அவளுடையதும்.

அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போனான். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள், மச்சானுடைய பெண்களுடையவை. "வாங்க மாப்ள, இளைச்சுப் போயிட்டீங்களே" என்று எழுந்தாள். அவன் உட்காரவில்லை.

"அத்தை, அவ பையில ஒரு சாவி இருந்துச்சே."

"இருந்துச்சு. பெரியவன் கேட்டான், எடுத்துக் குடுத்தேன். ஒரு அவசரம்னா இருக்கட்டும்னு சொன்னான்."

"நாளைக்கு வந்து இதைச் சொல்லுவீங்களா?"

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு சின்னப் பாவாடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ரெண்டும் பொட்டப் புள்ளைங்க மாப்ள. அவனுக்கு இந்த வேலைய விட்டா வேற என்ன தெரியும்? ஜெயில்னா குடும்பமே போச்சு." மடித்ததை அடுக்கின்மேல் வைத்தாள். "நீங்க ஒத்தை ஆளு. தாங்கிக்குவீங்க."

அத்தை கெட்டவள் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பஸ் மாறி வந்து கஞ்சி வைத்துக் கொடுப்பவள். அதனால்தானோ என்னவோ அடுத்ததையும் சொன்னாள்.

"அவ இருந்திருந்தா அவளும் இதைத்தான் சொல்லியிருப்பா. அண்ணன்னா அவளுக்கு உசுரு."

படியிறங்கிய பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. சொல்லியிருப்பாளா? மனதுக்குள் அவளிடம் கேட்டுப் பார்த்தான். இத்தனை மாதமும் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொன்னவள், "அட ஊமையா" என்று ஆரம்பித்துப் பொரிந்து தள்ளியவள், இப்போது வாயைத் திறக்கவில்லை. முதல்முறையாக அவள் நிஜமாகவே போய்விட்டாள் என்று பட்டது. அவள் குரலையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தெருவில் நடக்கிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஒதுங்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஈர்க்குச்சி சாய்ந்து படுத்திருந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. ஒப்பனை இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. கட்டிலின் இடது பக்கம் நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தான். அவர் கண் திறந்து, கதவையும் பிறகு அவனையும் பார்த்தார்.

"இப்பதான் உங்க மச்சான் வந்துட்டுப் போனாரு. எல்லாம் சொன்னாரு, நீ பார்த்து எடுத்துக் குடுத்ததைத்தான் எங்கிட்ட கொண்டாந்தாராம்." குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "என் பொண்டாட்டி ஊருக்குப் போனாலே நான் உப்புக்குப் பதிலா சோப்புத்தூள எடுத்துப் போடுவேன். நீ என்னய்யா பண்ணுவ. எனக்குக் கோவமில்ல. அது மட்டும் உனக்குத் தெரியணும்னுதான் காத்துட்டு இருந்தேன்." சிரிக்கப் பார்த்தார். கட்டு இழுத்தது. "ஆனா ஒண்ணுய்யா. நீ பார்த்தேன்னா, நானும் பார்த்த மாதிரிதான்னு இருந்தேன். அதான் திறந்து காட்டச் சொல்லாமலே வாங்கிட்டேன். இனிமே யாரு குடுத்தாலும் எனக்குக் கை நடுங்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"அண்ணே" என்றான். "நான் அந்தத் துப்பாக்கியை..."

"என்னது?"

"அண்ணே, பெட்டியத் திறந்தது..."

அவர் கையை ஆட்டினார். "அந்தக் காது போச்சுய்யா. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. நீ வாயசைக்கிறது மட்டும்தான் தெரியுது. இந்தப் பக்கமா வந்து சொல்லு."

அவன் எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனான். அந்தப் பக்கம் நாற்காலி போட இடமில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து, அதிலும் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி. ஈர்க்குச்சி ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, குழாயைத் தனக்கு மேலாக விலக்கிப் பிடித்து வழிவிட்டார். அவன் முதுகு சுவரில் உரச உள்ளே நுழைந்து குனிந்தான். அவர் தலையணையில் முகத்தைத் திருப்பி, கை வலிக்க வலிக்க அந்தக் குழாயைப் பிடித்தபடியே, காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்.