காப்பி அரைத்த விமானம்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை விமானி ஹல்லா, தன் சிறு விமானத்தின் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியபோது முன்விசிறி அசையவில்லை. ஸ்வார்த்தவிக் ஊரின் பதினோரு வீடுகளிலும் காப்பிக்கொட்டை அரைக்கும் கையெந்திரம் தானாகச் சுழன்றது. கொட்டை போட்டு வைத்திருந்தவர்களுக்குப் பொடி கிடைத்தது. ஐஸ்லாந்தின் அந்த மேற்குக் கரையில் மலைப்பாதையைப் பனி மூடியிருந்த வாரம் அது. வலி கண்டிருந்த ரக்னாவின் வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடந்தது. மருத்துவமனைக்குப் போக அந்த ஒரு விமானம்தான்.

மெக்கானிக் தோர்கில்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பேட்டரியில் குறையில்லை, மோட்டாரும் சுற்றியது. சுற்றும்போது அதன் சிறு பற்சக்கரம் முன்னே ஓடி எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கவ்வ வேண்டும். அது நகரவில்லை. போக்கிடமில்லாத சுழற்சி ஊருக்குள் போயிருந்தது. இரண்டாம் முறை அழுத்தியதும் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னார்.

"உன் ஸ்டார்ட்டர் நம்மள விட்டுட்டுக் காப்பிக்கடையில வேலைக்குச் சேர்ந்துடுச்சு, தோர்கில்ஸ்" என்றாள் ஹல்லா. பின்னிருக்கையில் ரக்னா முனகவும் சிரிப்பு அடங்கியது.

ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றியதும் ஆட்டுக்கொழுப்பு மணந்தது. கடலுப்புக்குப் பயந்து, கதவுக்கீல் முதல் தேவாலய மணி வரை கொழுப்பு பூசுகிற ஊர் அது. ஆனால் இந்தப் பற்சக்கரம் உலர்ந்திருக்க வேண்டும். பூசினால் குளிரில் மெழுகாக இறுகிவிடும். விமானக் கொட்டகை பெருக்கும் ஒட்னி, ரக்னாவின் தாய், துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் வந்தாள்.

"எம் பொண்ணு போற வண்டியாச்சேன்னு நேத்து நான்தான்..."

"குளிர் ஜாஸ்தி, இறுகிடுச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார் தோர்கில்ஸ், ஹல்லாவுக்கும் கேட்கும்படி. "இந்த விளக்கைக் கொஞ்சம் பிடிங்க, ஒட்னி. உங்க கை இல்லாம இது ஆகாது."

வாதத்தால் மடங்கிப்போன விரல்களால் அவள் விளக்கைப் பிடித்தாள். பெட்ரோலில் தோய்த்த தூரிகையால் ஒவ்வொரு பல்லாகத் துலக்கி, ஈரம் போகத் துடைத்து, தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் கண்மூடி நின்றார் அவர். ஹல்லா பொத்தானை அழுத்தினாள். சக்கரம் கவ்வியது, விசிறி சுழன்றது. நண்பகலில் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது.

கொழுப்பு பூசியது யார் என்று தோர்கில்ஸ் சாகும்வரை வாய் திறக்கவில்லை. பத்து வீட்டு எந்திரங்கள் அன்றே அடங்கிவிட்டன. கைப்பிடி சுற்ற முடியாத ஒட்னியின் வீட்டில் மட்டும், விமானம் கிளம்பும்போதெல்லாம் இரண்டு கோப்பைக்கான பொடி அரைபட்டது. ஒரு கோப்பை கொட்டகைக்கு, தோர்கில்ஸுக்குப் போகும். புயலில் விமானம் நின்றுபோன நாட்களில் இருவரும் தேநீர் குடித்தார்கள்.