இரங்கல் கடிதத்தில் ஆடிய வாத்து

"மேடம் இன்ஷிராஹ், இரங்கல் மெயில் போயிடுச்சா இல்லையா?"

மேலாளர் லுத்ஃபி காரிலிருந்து போனில் கத்தினார். தமன்ஹூரில் கட்டட கான்ட்ராக்டர் ஹாஜி முத்தவல்லியின் தகப்பனார் இறந்துவிட்டார். மாலை துக்கப் பந்தலுக்குத்தான் லுத்ஃபி போய்க்கொண்டிருந்தார்.

"அப்பவே அனுப்பிட்டேன் சார்" என்று இன்ஷிராஹ் வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

அலெக்ஸாந்திரியாவின் அந்த டைல்ஸ் கம்பெனியில் அவள் இருபத்திரண்டு வருட செயலாளர். பத்திரிகையின் மரணப் பக்கத்தில் கம்பெனி பெயரில் இரங்கல் போட வேண்டியது அவள் வேலை. பல்வலியில் நேற்று மறந்து தொலைத்துவிட்டாள்; இனி ஹாஜிக்கு நேரே மெயில் அனுப்புவதுதான் வழி. ஹாஜியோ யார் இரங்கல் சொன்னார், எப்போது சொன்னார் என்று மனதிலேயே குறித்துவைக்கிற ஆள். இரண்டு நாள் தாமதமாகச் சொன்ன சிமெண்டுக்காரனின் ஒரு மூட்டைகூட அதற்குப் பிறகு அவர் கட்டுகிற மனைக்குள் போனதில்லை. ஹாஜி கைவிட்டால் கம்பெனி தாங்காது, கம்பெனி தாங்காவிட்டால் முதலில் போவது இன்ஷிராஹ்தான்.

கடிதம் தயார். படித்தால் கல்லும் கரையும். கோளாறு அதற்குக் கீழே இருந்தது. கம்பெனியிலிருந்து போகிற எல்லா மெயிலின் அடியிலும் ஒரு மஞ்சள் வாத்து, குளியல் தொட்டிக்குள் இடுப்பை ஆட்டிக்கொண்டு, 'ஆடுங்கள், பாடுங்கள்! கோடைக் கொண்டாட்டம்! டைல்ஸ் முப்பது சதவீதம் தள்ளுபடி!' என்றது.

எடுத்துவிடலாம் என்று அமைப்புகளைத் திறந்தாள். வாத்து குடியிருந்த கையொப்பப் பெட்டி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. 'இதை உங்கள் நிர்வாகி முடிவு செய்கிறார்' என்று பக்கத்தில் ஒரு வரி. அவள் விஷயத்தில் முடிவு செய்ய அவள் புருஷனே பயப்படுவான்.

மாடியேறி கம்ப்யூட்டர் நிர்வாகி ஹைஸமிடம் போனாள்.

"எஞ்சினியரே, கண்ணு, அந்த வாத்தை ஒரே ஒரு நிமிஷம் தூக்கிடுப்பா. சாவு வீட்டுக்குப் போற லெட்டர்."

"பூட்டினது கெய்ரோ தலைமை ஆபீஸ், மேடம். பூட்டு சரியா இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை."

"அப்ப கெய்ரோவுக்கு எழுதித் தொலையேன்!"

"எங்க மாமா செத்தப்ப லீவு கேட்டு எழுதினேன். அதுலயும் வாத்து ஆடிச்சு. லீவு கிடையாதுன்னு பதில் வந்துது, அதுலயும் ஆடிச்சு."

ஆத்திரத்தில் கீழே வந்து, கெய்ரோவுக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதி அனுப்பினாள். அதன் அடியிலும் வாத்து ஆடிக்கொண்டே போனது.

மறுபடி லுத்ஃபி. "பந்தல் வாசல்ல நிக்கிறேன். ஹாஜி போனைக் கையில வச்சுக்கிட்டு, உங்க கம்பெனி எங்கேன்னு கேக்குறாரு!"

இன்ஷிராஹ் இரங்கல் கடிதத்தை வாத்தோடு திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

கால்மணி நேரத்தில் ஹாஜியிடமிருந்து பதில். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே திறந்தாள்.

'இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். என் தந்தை எண்பத்தொன்பது வயதுவரை பேரம் பேசாமல் ஒரு வெங்காயம் வாங்கியதில்லை. எங்கள் குடும்பக் கல்லறை வளாகத்தில் தரையெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் அவருக்குப் பிடித்திருக்கும். நாற்பதாம் நாளுக்குள் இருநூறு சதுர மீட்டர் டைல்ஸ் அனுப்புங்கள். தள்ளுபடியை மறக்க வேண்டாம்.'

இன்ஷிராஹ் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

மறுநாள் லுத்ஃபி மாப்பிள்ளை மாதிரி உள்ளே வந்தார். "என்ன மூளை மேடம் உங்களுக்கு! இனிமே எந்த இரங்கல் லெட்டரும் வாத்து இல்லாம போகக் கூடாது. ஹைஸம்கிட்ட சொல்லிடுங்க."

மாடியில் ஹைஸம் உதட்டைப் பிதுக்கினான். "வாத்தைக் காலையிலயே கெய்ரோ தூக்கிடுச்சு, மேடம். எவளோ ஒரு மகராசி புகார் எழுதினாளாம். அவங்க ஒரு புகாரைப் படிச்சதே இதுதான் முதல் தடவை."

அவள் தன் இடத்துக்கு வந்து அமைப்புகளைத் திறந்தாள். பெட்டி காலியாக, அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.